காலை இழந்தவருக்கு எந்தப் பந்து?

முழங்காலுக்குக் கீழ் ஒரு காலை இழந்த எனக்கு, விளையாட்டு என்றால் மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பது என்றே பல ஆண்டுகள் இருந்தது. ஆனால் டெனிஸ், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் மூன்றிலுமே எம்மைப் போன்றவர்களுக்கான விதிகள் உண்டு. எந்த உபகரணத்தை மாற்றுகிறார்கள், எதை அப்படியே விடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சக்கர நாற்காலி டெனிஸ் 1976 இல் அமெரிக்காவில் தொடங்கியது. பனிச்சறுக்கில் விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பிராட் பார்க்ஸ் அதன் முன்னோடி. 1992 பார்சிலோனா பராலிம்பிக்கில் அது முழுமையான பதக்கப் போட்டியானது. 23.77 மீற்றர் நீளமான அதே ஆடுகளம், நடுவில் 91.4 சென்ரிமீற்றர் உயரமான அதே வலை, அதே மட்டை, அதே பந்து. மாறியது முக்கியமாக ஒரு விதிதான்: பந்து இரண்டு தரம் நிலத்தில் குத்தும்வரை காத்திருக்கலாம்; இரண்டாவது குத்து கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் பரவாயில்லை. நடக்கக்கூடிய தம்பியும் நாற்காலியில் இருக்கும் அண்ணனும் எதிரெதிரே நின்று ஆடலாம். தம்பிக்கு ஒரு குத்து, அண்ணனுக்கு இரண்டு. மூன்று விளையாட்டுகளிலும் எனக்கு அதிகம் பிடித்த விதி இது.

சிக்கல் நாற்காலியில் இருக்கிறது. வைத்தியசாலை நாற்காலி இதற்கு உதவாது. சக்கரங்கள் கீழ்ப்பக்கம் அகன்று சரிந்திருக்க வேண்டும். பின்னால் கவிழாமலிருக்கச் சிறு சக்கரமும் வேண்டும். மணல் தரையில் அது ஓடாது. பந்தும் செலவுதான். 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 வரை எழும்ப வேண்டும் என்பது அளவு. உள்ளே அடைத்த காற்றின் அழுத்தம் குறைந்தால் அந்தத் துள்ளல் போய்விடும். (அப்படிச் செத்த பந்துதான் எங்கள் ஒழுங்கைகளில் மென்பந்து கிரிக்கெட்டுக்கு வந்து சேர்கிறது.)

உதைபந்தாட்டத்தில் காலை இழந்தவர்கள் பொய்க்காலைக் கழற்றிவிட்டு ஊன்றுகோல்களுடன் ஆடுவார்கள். ஊன்றுகோலால் வேண்டுமென்று பந்தைத் தட்டினால் கையால் தொட்டதற்குச் சமம். கையை இழந்தவர் பந்துக்காப்பாளராக நிற்பார். செலவு குறைவு, ஆனால் தோளும் மணிக்கட்டும் பலமாக இருக்க வேண்டும்.

எமது ஊர்களுக்கு முதலில் நான் சொல்வது அமர்ந்தாடும் கரப்பந்தாட்டத்தைத்தான். 1950களில் நெதர்லாந்தில் உருவான இதில் 260 முதல் 280 கிராம் வரையான வழமையான பந்தே போதும். 18க்கு 9 மீற்றர் ஆடுகளம் 10க்கு 6 ஆகச் சுருங்கும். ஆண்களுக்கு 2.43 மீற்றரில் கட்டும் வலையை 1.15 இலும், பெண்களுக்கு 2.24 இல் கட்டுவதை 1.05 இலும் கட்ட வேண்டும். பந்தைத் தொடும்போது இடுப்புப் பகுதி நிலத்தை விட்டு எழும்பக்கூடாது. நாற்காலி தேவையில்லை. பக்கத்தில் இடமுள்ள பொதுநோக்கு மண்டபத்தின் சீமெந்துத் தரையில் இன்றைக்கே தொடங்கலாம்.

தரையை முதலில் கூட்டித் துடையுங்கள். கைகளால் தள்ளித் தள்ளி நகரும்போது ஒரு சிறு கல்லும் துண்டித்த காலின் நுனியைக் கிழித்துவிடும். ஆடி முடிந்ததும் அந்த இடத்தைக் கழுவி, உலரவிட்டு, சிவந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பொய்க்காலைப் போடுங்கள். புண் வந்துவிட்டால் அது ஆறும்வரை பொய்க்காலைப் போட முடியாது.