நடுவில் நின்றவரைப் பின்னுக்கு இழுத்த கதை

கால்பந்து பற்றி எழுதும்படி இரண்டு நண்பர்கள் கேட்டிருந்தார்கள். கோல் போட்டவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கோல் விழாமல் காக்கிறவர்களை எங்கே நிறுத்துவது என்று நம் நாட்டில் நடந்த ஒரு பெரிய மாற்றத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஆட்டம் தெரியாதவர்களும் படிக்கலாம். பதினோரு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர், மீதி பத்துப் பேர் என்பது தெரிந்தால் போதும்.

அந்தப் பத்துப் பேரையும் பின்னால் இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்ட் என்று நிறுத்துவதுதான் பழைய வழக்கம். 1878-இல் வேல்ஸ் கோப்பை இறுதியாட்டத்தை ரெக்ஸம் அணி இப்படி நின்றுதான் வென்றது. கேம்பிரிட்ஜ் கல்லூரி மாணவர்கள் அதற்கு முன்பே இப்படி ஆடினார்கள் என்பாரும் உண்டு. இந்த ஏற்பாட்டில் ராஜா யார் என்றால் நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப். பந்தைப் பறிப்பதும் அவர், முன்னால் கொடுப்பதும் அவர், தோன்றினால் தானே ஓடிப்போய் கோல் அடிப்பதும் அவர். ஊரில் நல்ல ஆட்டக்காரன் எவனோ அவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள்.

1925-இல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை பந்தை வாங்கும் ஃபார்வர்டுக்கு முன்னால் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இனி இரண்டு பேர் போதும் என்றார்கள். ஒரு எண்ணை மாற்றியதுதான். இங்கிலாந்து லீகில் முந்தைய பருவத்தில் 4,700 கோல்கள் விழுந்தன. அடுத்த பருவத்தில் 6,373. அந்த அக்டோபர் 3-ஆம் தேதி நியூகாசிலில் ஆர்சனல் அணி 7-0 என்று அடிவாங்கியது. இரண்டே நாளில் அதன் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார். அணியின் சார்லி புக்கன் அதற்கு முன்பிருந்தே வற்புறுத்திக்கொண்டிருந்த யோசனை அது; ஏழு கோல் விழுந்த பிறகுதான் காதில் ஏறியது. அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றார்கள். ராஜா காவல்காரர் ஆனார். ஸ்டாப்பர் என்று நாம் சொல்வது அவரைத்தான்.

நம் நாட்டில் இது உடனே எடுபடவில்லை. காரணங்கள் இருந்தன. வெறுங்காலில் ஆடினோம். வெறுங்காலுக்குக் குட்டைப் பாஸ்தான் சரி. நீளப் பந்தை அடித்து இரண்டு பேக்குகளுக்கு நடுவில் போடும் ஆட்டத்தை அதிகம் சந்திக்கவும் இல்லை. உள்ளூர் ஆட்டங்கள் 90 நிமிடத்துக்குக் குறைவாகவே இருந்தன. 1911-இல் மோகன் பகான் வெறுங்காலோடு கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் வாங்கியது வேறு எல்லோர் மனதிலும் இருந்தது. வென்ற வழியை யார் மாற்றுவார்கள்? நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் புதுப் படிவம் வந்து இரண்டு வருடம் ஆன பிறகும் பழைய படிவக் கட்டு தீரவில்லை என்று அதிலேயே எழுதிக்கொண்டிருந்தோம். அது போலத்தான்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் முதல் ஆட்டம் பிரான்சுடன். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் தனிப் பிரியம். எந்தப் பக்கம் கை தட்டுவது என்று இப்போதும் நிச்சயமில்லை. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார், இரண்டு பெனால்டிகளைக் கோட்டை விட்டோம், கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் ஒன்று போட்டு 2-1 என்று வென்றது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்தான் கெடுதல் செய்தது என்பது என் அபிப்பிராயம். கொஞ்சத்தில் போயிற்று என்று நினைத்துக்கொண்டு எதையும் மாற்றாமல் நான்கு வருடம் ஓட்டினோம்.

1952 ஜூலை 15, ஹெல்சிங்கி. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. நமக்காக அடித்தவர் அகமது கான். குளிர், ஈரத் தரை, வெறுங்கால் எல்லாம் உண்மைதான். ஆனால் கணக்கும் இருக்கிறது. எதிரணியின் இரண்டு விங்கர்களும் கோட்டோரம் அகன்று நின்றால் நம் இரண்டு பேக்குகளும் ஆளுக்கு ஒரு பக்கம் போயாக வேண்டும். நடுவில் அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டுக்கு யார்? நம் சென்டர் ஹாஃப் முன்னால் போயிருப்பார். அவர் திரும்பி ஓடிவருவதற்குள் பந்து வலைக்குள். இங்கிலாந்துக்கு ஏழு கோலில் புரிந்தது நமக்குப் பத்தில் புரிந்தது.

மாற்றிக் காட்டியவர் சையத் அப்துல் ரகீம். ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியர். இளமையில் அங்குள்ள சிட்டி காலேஜ் மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்த அணியில் ஆடியவர். அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை ஐந்து வருடமும் ரோவர்ஸ் கோப்பையை வேறு யாருக்கும் விடவில்லை. அவர் கையில் இந்திய அணி பூட்ஸ் போட்டது, மூன்று பேக் ஆட்டத்துக்கு வந்தது. கரும்பலகையில் வரைந்ததோடு அவர் நிற்கவில்லை. பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று நிபந்தனை போட்டுப் போட்டிகள் நடத்தினார். பேக் விளையாடுகிறவனுக்குப் பந்து எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாதே. 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் நமது! பிறகு 4-1 என்று தோற்றோம். பத்து நான்கானது, நான்கே வருடத்தில். 1960 ரோமில் மறுபடியும் பிரான்ஸ். இந்த முறை 1-1.

கல்லூரி அணிகளுக்கு இது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அறுபதுகளின் கடைசியில் நான் ஆடிய கல்லூரி அணிக்குப் புது பயிற்சியாளர் ஒருவர் வந்தார். அதற்குள் உலகம் பிரேசில் காட்டிய 4-2-4-க்குப் போயாயிற்று. நம் நாட்டில் அதைப் புகுத்திய பெருமையும் ரகீமுக்கே. நாங்களோ அப்போதும் பழைய 2-3-5. இரண்டை ஒரேயடியாக நான்காக்குகிறேன் என்றார் அவர். எங்கள் சென்டர் ஹாஃப், காரைக்கால் பக்கத்துப் பையன், மைதானமே அவனைப் பார்க்கத்தான் கூடும். அவனைப் பின்னால் போய் நில் என்றதும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று நாள் வரவில்லை. "என்னை வாட்ச்மேன் ஆக்கிட்டாரு"ன்னு விடுதியில் எல்லோரிடமும் சொன்னான். பிறகு வந்தான், நின்றான், நன்றாகவே ஆடினான். அந்த வருடம் எங்களுக்கு விழுந்த கோல்கள் குறைந்தன. ஆனால் அவனைப் பார்க்க வந்த கூட்டமும் குறைந்தது. அதை ஈடுகட்ட எந்தப் பயிற்சியாளரிடமும் வழி இல்லை.

பிரெஞ்சில் இதற்கு ஒரு நல்ல சொல் உண்டு: வெர்ரூ. தாழ்ப்பாள் என்று பொருள். முப்பதுகளில் கார்ல் ரப்பான் என்ற ஆஸ்திரியர் சுவிட்சர்லாந்தில் பேக்குகளுக்கும் பின்னால் இன்னொருவரை நிறுத்தினார். அதற்கு வைத்த பெயர் அது. 1938-இல் பாரிஸ் உலகக் கோப்பையில் அந்தச் சின்ன நாடு முதலில் இரண்டு கோல் வாங்கியும் ஜெர்மனியை 4-2 என்று வீட்டுக்கு அனுப்பியது. இத்தாலியர் பிற்பாடு இதையே கத்தேனாச்சோ என்றார்கள்; அதுவும் தாழ்ப்பாள்தான். இங்கே தியாகதுருகத்தில் லாலியும் ஹைதர் அலி ஆட்களும் கைமாற்றிக்கொண்ட மலைக்கோட்டையைத் தினமும் பார்க்கிறேன். கோட்டை கட்டியவன் ஒரு வாசலை மட்டும் நம்பியிருக்க மாட்டான் அல்லவா? ரப்பானும் அதையே செய்தார்.

நம் தாழ்ப்பாள் ஜர்னைல் சிங். பஞ்சாபில் மாஹில்பூர் கால்சா கல்லூரி அணியில் ஆடிப் பிறகு கல்கத்தாவுக்கு வந்தவர். ஸ்டாப்பர் இடத்தை வாட்ச்மேன் வேலை என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்தவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பந்தைத் தலையால் முட்டித் தள்ளுவதே பிழைப்பான இடத்தில் அவரை எப்படி நிறுத்துவது? ரகீம் அருண் கோஷை ஸ்டாப்பராகப் போட்டார்; ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். செப்டம்பர் 4, இறுதியாட்டம், தென் கொரியா; ஆரம்ப ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வென்ற அதே அணி. அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் நமக்கு எதிராகக் கூச்சல். கோலில் பீட்டர் தங்கராஜ். பி.கே. பானர்ஜி முதல் கோல் போட்டார். சில நிமிடங்களில் இரண்டாவது கோல், தலையில் தையலோடு முன்னால் நின்ற அந்த ஸ்டாப்பர் அடித்தது. 2-1, தங்கம்.

ரகீம் அடுத்த ஜூன் மாதம் புற்றுநோயில் இறந்துபோனார். ஜர்னைல் மறுபடி பின்னால் தன் இடத்துக்கே போனார். சில வருடங்களில் அங்கே நின்றபடியே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்.