600 பக்கங்களின் கைப்பிரதி

மாண்டிசோரி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருபவை வழவழப்பான மரக்கட்டைகளும் கட்டணம் மிகுந்த மழலையர் பள்ளிகளுமே. அக்கருவிகளின் மூலவடிவங்கள் யாருக்காக உருவாயின என்பது ஏறக்குறைய மறந்துபோன செய்தி.

1900-இல் ரோமில் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களை உருவாக்குவது அதன் நோக்கம். அதை நடத்திய இருவருள் ஒருவர் மரியா மாண்டிசோரி, ஆசிரியரல்லர், மருத்துவர். பயிற்சிக்கு வந்தோருக்குப் பாடம் சொன்னதோடு நில்லாமல், காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை குழந்தைகளுடனேயே இருந்தார். கல்வியியலில் தமக்குக் கிடைத்த மெய்யான பட்டம் அந்த இரண்டாண்டு அனுபவமே என்று பின்னாளில் எழுதினார்.

அவருக்கு முன்னோடிகள் இருவர். அவெரோனில் பிடிபட்ட சிறுவன் விக்தருக்குப் பேச்சு வரவழைக்க ஐந்தாண்டுகள் முயன்று தோற்ற இதார். அவர் வழிவந்த செகேன். இதாருடையது அரிய தோல்வி. பினேல் போன்ற பெரிய மருத்துவரே கைவிட்ட பிள்ளையிடம் தாம் முயன்றவற்றையும் தவறியவற்றையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார்.

இவ்விருவரின் எழுத்துகளையும் மாண்டிசோரி இத்தாலியில் மொழிபெயர்த்து, முதலிலிருந்து கடைசிவரை தம் கைப்பட எழுதினார். செகேனின் நூல் மட்டும் 600 பக்கம்! ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். ஏடு பெயர்த்தெழுதியவர்களின் வழியில் வந்த நமக்கு இது விளங்காததல்ல.

அப்பள்ளிக் குழந்தைகள் மர எழுத்துகளின்மேல் விரலோட்டி வடிவம் கற்றனர். சிலர் பொதுப்பள்ளிப் பிள்ளைகளுடன் தேர்வெழுதித் தேறினர். ஊரே வியந்தபோது மாண்டிசோரியின் மனத்தில் எழுந்த ஐயம் வேறு: நலமாயுள்ள பிள்ளைகளை இவர்கள் எட்டிப்பிடிக்கும் உயரத்திலேயே நிறுத்திவைத்திருப்பது எது? 1907-இல் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் பள்ளி தொடங்கியபின், மர எழுத்துகள் செய்துதர ஆள் கிடைக்காமல் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டினார். (மணலில் விரல்பிடித்து எழுதிப் பழகிய நம் பாட்டன்மார் இதைக் கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.)

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறு வந்தார். கீற்றுக் கொட்டகைகளில் 300 பேருக்கு மேல் பயின்றனர். முறை பரவியது, உப்புத்தாள் எழுத்துகளும் பரவின.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை மகனை ஒரு பள்ளியில் சேர்க்கப் போயிருந்தோம். அவனுக்குப் பேச்சு தாமதம். இத்தகைய பிள்ளைகளுக்குத் தங்களிடம் வசதியில்லை என்று பணிவாகவே சொன்னார்கள். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் உப்புத்தாள் எழுத்துகள் வரிசையாக இருந்தன. வெளியே வருமுன் அவன் அந்தக் கண்ணாடியின்மேல் விரல் வைத்து ஓர் எழுத்தை ஓட்டிப் பார்த்தான்.