குளியலறை மறுசீரமைப்பு

படுக்கையறையோடு சேர்ந்த பழைய குளியலறையை உடைத்து, சாமான்களின் இடத்தை மாற்றி, தரை, சுவர், குழாய் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு முடிக்கும் வேலை. தமிழ்நாட்டு நகரங்களில் 1970களிலிருந்து 1990கள் வரை கட்டிய அடுக்ககங்களில் இந்த அறை பெரும்பாலும் ஏறக்குறைய 8 அடிக்கு 5 அடி. குறுகிய பக்கம் ஒன்றில் கதவு, எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கழிவுக்குழாய்கள் இறங்கும் சந்து. பல வீடுகளில் கழிப்பறைக் கோப்பை அந்தச் சந்தை ஒட்டி ஜன்னலடியில் இருக்கும், வாஷ்பேசின் நடுவில், குழாயும் வாளியும் கதவருகே. இந்த வரிசையில் குளித்த தண்ணீர் அறை முழுவதும் ஓடுகிறது. ஜன்னலடிக்குப் போகிறவர் ஈரத்தை மிதித்துத்தான் போக வேண்டும். கதவின் அடிப்பலகை ஊறி, உப்பி, உளுத்துப்போகிறது. படுக்கையறைப் பக்கச் சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. டைல்ஸை மட்டும் மாற்றினால் இவற்றில் ஒன்றும் தீராது. மறுசீரமைப்பில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஈரமான இடம் எங்கே முடிந்து உலர்ந்த இடம் எங்கே தொடங்குகிறது என்பது. நிறமும் மெருகும் அதற்குப் பிறகுதான். இந்தக் கருத்துக்குக் குளியலறையின் வரலாறே வலுவான சான்று.

சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் பல வீடுகளுக்குள் தனிக் குளியல் மேடைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. நெருக்கமாக இழைத்துச் சேர்த்த சுட்ட செங்கல் தளம்; ஓரங்களில் சிறு வரம்பு; தளம் முழுவதும் ஒரு மூலையை நோக்கி மெல்லச் சரிந்திருக்கும்; அந்த மூலையிலிருந்து சுவரைத் துளைத்துப் போகும் வடிகால் தெருக்கால்வாயில் சேரும். மேடைகள் பெரும்பாலும் தெருச்சுவரை ஒட்டியே அமைந்ததற்குக் காரணம் எளிது: தண்ணீர் வீட்டுக்குள் பயணம் செய்யும் தூரம் குறைந்தது. அதே நகரின் பெருங்குளத்தில், சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்ட தொட்டியில், செங்கல்லுக்கு இடையே ஜிப்சம் சாந்தும், சுவருக்குப் பின்னால் நிலக்கீல் பூச்சும் வைத்து நீர்க்கசிவைத் தடுத்திருக்கிறார்கள். சரிவு, வரம்பு, மூலை வடிகால், நீர்காப்புப் பூச்சு என்ற நான்கும் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றுகூடிவிட்டன. இன்று ஒரு பழைய குளியலறை கெட்டுப்போயிருந்தால், இந்த நான்கில் ஏதோ ஒன்று அங்கே தவறியிருக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் குளியல் நெடுங்காலம் கிணற்றடியிலும் ஆற்றங்கரையிலும் கொல்லைப்புறத்திலும்தான் நடந்தது. வசதியுள்ள வீடுகளில் பின்கட்டில் வெந்நீர் அடுப்பும் அண்டாவும் உள்ள தனி அறை இருக்கும். கழிப்பிடம் கொல்லைக் கோடியில். இந்த விலகலைச் சுகாதார அறிவு என்று மட்டும் புகழ்வது முழு உண்மையாகாது. எடுப்புக் கக்கூஸ் இருந்த தெருக்களில் வீட்டின் பின்சந்து வழியாக வந்து மலத்தை அள்ளிச் சுமக்கும் வேலை சாதியின் பெயரால் சில சமூகத்தார்மேல் சுமத்தப்பட்டிருந்தது. கழிப்பிடத்தைக் கோடியில் வைத்ததில் அந்தக் கொடுமைக்கும் பங்குண்டு. 1993, 2013 ஆண்டுகளின் சட்டங்கள் அந்த வேலையில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்தன. இந்த வரலாற்றைப் பார்க்கும்போது, ஈரத்தையும் உலர்வையும் பிரிக்கச் சொல்வது பழைய தீட்டுக் கணக்கை மீட்பதாகாதா என்ற கேள்வி நியாயமானதே. பழைய வீடு மனிதரிடமிருந்து மனிதரை விலக்கியது. இங்கே பேசப்படும் பிரிப்பு ஒரே அறைக்குள் தண்ணீரை ஒரு மூலையில் நிறுத்துவது. வழுக்கி விழாமல் நடப்பதும் சுவர் ஊறாமல் இருப்பதும் அதன் நோக்கம். இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டியதில்லை.

கழிப்பிடம் படுக்கையறைக்குப் பக்கத்தில் வர முடிந்தது ஒரு வளைகுழாயால். 1775இல் லண்டன் கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கம்மிங், எஸ் வடிவ வளைவு கொண்ட கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர், சாக்கடை நாற்றம் மேலே ஏறாமல் தடுத்தது. இன்றும் பிளம்பர்கள் பேசும் ‘எஸ் டிராப்’ அதன் வழிவந்ததே. அடுத்த பெரிய திருப்பம் 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் கட்டிய விடுதி. ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை கொடுத்தும் வாடகையை ஒன்றரை டாலருக்குள் வைக்க, இரண்டிரண்டு குளியலறைகளை முதுகொட்டி அமைத்து, எல்லாக் குழாய்களையும் இடையிலுள்ள ஒரே செங்குத்துச் சந்தில் இறக்கினார். குளியல் தொட்டி, கோப்பை, பேசின் மூன்றும் ஒரு சிறு அறைக்குள் ஒரே குழாய்ச்சுவரை ஒட்டி நெருங்கியது இப்படித்தான். அமெரிக்க வீட்டு வரைபடங்களில் 5 அடிக்கு 8 அடி என்ற அளவு பின்னர் நிலைபெற்றது. நம் அடுக்ககங்களும் கிட்டத்தட்ட அதே அளவையும் குழாய்ச் சந்தையும் கொண்டன. ஜப்பானில் 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்குள் கட்டி முடிக்க வேண்டிய நியூ ஒட்டானி விடுதிக்கு டோட்டோ நிறுவனம் முழுக் குளியலறைகளைத் தொழிற்சாலையில் செய்து கொடுத்தபோதும் மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. ஆனால் ஜப்பானிய வீடுகளில் கழிப்பறை தனி, குளியல் தனி, நடுவே உடைமாற்றும் உலர்ந்த இடம் என்ற பழக்கமே பெரிதும் நிலைத்தது. மூன்றையும் ஒன்றாக்கியது குழாய்ச் சிக்கனமும் கட்டுமான அவசரமும். உடலின் தேவையை யாரும் அப்போது அளந்து பார்க்கவில்லை. அதை அளந்தவர் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிரா. 1966இல் வெளிவந்த அவரது ‘தி பாத்ரூம்’ என்ற நூல், குனிதல், எட்டுதல், உட்கார்தல் ஆகிய அசைவுகளை வைத்துச் சாமான்களின் வடிவையும் உயரத்தையும் கேள்வி கேட்டது. இந்தத் துறையில் அதைவிட முக்கியமான நூல் இல்லை.

நிறத்தின் வரலாறும் இங்கேதான் சேர்கிறது. 1927இல் கோலர் நிறுவனம் ஒரே வண்ணத்தில் பொருந்தும் தொட்டி, கோப்பை, பேசின் தொகுப்புகளை விற்கத் தொடங்கியது. 1950களில் அமெரிக்கக் குளியலறைகள் இளஞ்சிவப்புக்கு மாறின. 1970களில் வெண்ணெய்ப்பழப் பச்சை வந்தது. 1968இல் ராய் ஜக்கூசி நீர்த்தாரைத் தொட்டியை அறிமுகம் செய்தபின், பெரிய படுக்கையறைகளின் குளியலறை மூலையில் அகன்ற தொட்டி வைப்பது பெருமையாயிற்று. இன்று அங்கே ‘பழையதாகிவிட்டது’ என்று உடைக்கப்படுபவற்றில் அந்தத் தொட்டியும் ஒன்று. நம் பக்கத்தில் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் பீங்கான் சாமான்கள் செய்யத் தொடங்கியபின், வெளிர்நீலமும் இளஞ்சிவப்பும் தந்தக்கலரும் வீடுகளுக்குள் வந்தன. சுவரில் இடுப்பளவு டைல்ஸ், அதன் மேல் பூப்போட்ட பார்டர், நடுநடுவே ‘ஹைலைட்டர்’ டைல்ஸ். ஒவ்வொரு நிறமும் ஏறக்குறைய 20 ஆண்டுகளில் கண்ணுக்கு அலுத்திருக்கிறது. இடவமைப்பு சரியாக இருந்த அறையோ, நிறம் மாறிய பிறகும் அப்படியே பயன்பட்டு வந்திருக்கிறது.

8 அடிக்கு 5 அடி அறையில் சரியான வரிசை, கதவிலிருந்து ஜன்னலை நோக்கி உலர்வு குறைந்து ஈரம் கூடிக்கொண்டே போவது. கதவருகே இரண்டரை அடியில் பேசின், அடுத்த இரண்டரை அடியில் கோப்பை, ஜன்னலடியில் மூன்று அடிக்குக் குளியல். ஜன்னல் காற்று நேராக ஈரத்தில் படும். கை கழுவ மட்டும் வருகிறவர் கால் நனையாமல் திரும்பலாம். இதற்குக் கோப்பையை ஜன்னலடியிலிருந்து நடுவுக்கு நகர்த்த வேண்டும். ‘நாலு இஞ்சுக் குழாயைத் தொடவே கூடாது’ என்று பல பிளம்பர்கள் இங்கே மறுப்பார்கள். தரைக்குள் இறங்கும் எஸ் டிராப் கோப்பையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. தளத்தைத் துளைத்தால் கீழ்வீட்டுக் கூரை கசியும். பின்பக்கமாகச் சுவரை நோக்கி வெளியேற்றும் பி டிராப் கோப்பையோ, சுவரில் தொங்கும் கோப்பையோ வைத்தால் அந்தத் தடை விலகுகிறது. நீளச்சுவரை ஒட்டி 8 அங்குல அகலத்தில் இடுப்பளவுத் திண்டு ஒன்று கட்டி, 110 மி.மீ. குழாயை அதற்குள்ளேயே சந்து வரை கொண்டுபோகலாம். தூரம் நாலேகால் அடி. 40க்கு 1 வாட்டம் கொடுத்தாலும் இறக்கம் ஒன்றேகால் அங்குலம்தான். புதிய ஃபிளஷ் தொட்டிகள் ஒரு முறைக்கு 6 லிட்டர் அல்லது அதற்கும் குறைவாகவே விடுவதால் இந்த வாட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. திண்டின் மேல்பக்கம் சோப்பும் செம்பும் வைக்கும் தட்டாகிறது. கழிவுக்குழாய் கீழ்வீட்டுக் கூரையடியில் தொங்கும் பழைய கட்டடங்களில் மட்டும், அந்த வீட்டாரின் சம்மதமில்லாமல் பழைய இணைப்பை அடைப்பதுகூட நடக்காது.

இரண்டாவது மறுப்பு இடநெருக்கடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கழிப்பறையும் சேர்ந்த குளியலறைக்குக் கேட்கும் குறைந்தபட்சப் பரப்பு 2.8 சதுர மீட்டர். குளியலுக்கு மட்டும் 1.8, கழிப்பறைக்கு மட்டும் 1.1. நம் 40 சதுர அடி அறை 3.7 சதுர மீட்டர். இடம் இருக்கிறது, அது சிதறிக் கிடக்கிறது. மூன்றாவது மறுப்பு இன்னும் ஆழமானது: வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பதும், அறை முழுவதையும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுவதும் நம் பழக்கம், கண்ணாடித் தடுப்பெல்லாம் ஒத்துவராது என்பார்கள். கண்ணாடி கட்டாயமில்லை. குளிக்கும் பகுதியின் தரையை அரை அங்குலம் தாழ்த்தி, வாட்டத்தை ஜன்னல்மூலையின் தரை வடிகால் டிராப்பை நோக்கியும், உலர்பகுதியின் வாட்டத்தைக் குளியல் பகுதியை நோக்கியும் கொடுத்தால், அறையைக் கழுவினாலும் தண்ணீர் கதவுப்பக்கம் வராது. கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபின் கதவருகே ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்ப்பார்; அது எங்கும் தேங்காமல் மூலைக்கு ஓடி முடிந்தால் வாட்டம் சரி. முதியவர் இருக்கும் வீட்டில் தாழ்வுப்படியும் வேண்டாம். சரிவு மட்டும் போதும், அதோடு சொரசொரப்பான டைல்ஸும், சுவரில் கைப்பிடியும், வெளிப்பக்கம் திறக்கும் கதவும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும்.

உடைத்த தரையில் டைல்ஸ் போடுமுன் நீர்காப்புப் பூச்சைச் சுவரில் ஓரடி உயரம் வரையும், குளிக்கும் பகுதியில் ஆளுயரம் வரையும் ஏற்ற வேண்டும். பிறகு டிராப்பை அடைத்து இரண்டு நாளாவது தண்ணீர் தேக்கிக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். செலவையும் நாளையும் மிச்சப்படுத்த ஒப்பந்தக்காரர்கள் முதலில் விடுவது இந்தச் சோதனையைத்தான்; வீட்டுக்காரர் விடாப்பிடியாக நிற்க வேண்டிய இடமும் இதுதான். துருப்பிடித்த இரும்புக் குழாய்களைச் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்களாக மாற்றுவதும், கீசர் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத்தடுப்பானும் சரியான எர்த்தும் கொடுப்பதும் சுவர் திறந்திருக்கும்போதே முடிய வேண்டும். இப்போது 2 அடிக்கு 4 அடி டைல்ஸ், தொங்கும் கோப்பை, மறைவான ஃபிளஷ் தொட்டி, சாம்பல் நிறச் சுவர் ஆகியவை பரவலாக உள்ளன. புதிய கட்டடங்களில் தொழிற்சாலையில் வார்த்த குளியலறைப் பெட்டிகளும் வரத் தொடங்கியுள்ளன.