நெல்லிக்கனி ரகசியம்

சாகாவரம் வாங்கினவன் கதைன்னாலே எனக்கு ஆங்கிலப் படங்கள்தான் ஞாபகம் வரும். வேண்டியவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா போய்ச் சேர, அவன் மட்டும் பேரை மாத்தி, ஊரை மாத்தி, ரகசியத்தைக் காப்பாத்திக்கிட்டே திரியணும். 1922ல் மேடையேறிய காரல் சாப்பெக்கின் செக் நாடகத்தில் நாயகி 300 வருஷத்துக்கும் மேல இப்படித்தான் திரிகிறாள்.

நம்ம பக்கத்துக் கதையில் ரகசியம் வேற ஆளிடம் இருக்கிறது.

சேலம் தாண்டினால் தர்மபுரி, அதாவது சங்ககாலத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை ஸ்கூல்லயே படிச்சிருப்போம். (அதியமான் வெறும் கதைப் பாத்திரம் இல்லீங்க. 1981ல் கண்டெடுத்த ஜம்பை தமிழிக் கல்வெட்டில் பேர் இருக்கு.) புறநானூறு 91ஐ நிதானமா படிச்சப்பதான் ஒரு விஷயம் உறைத்தது. பெரிய மலையின் பிளவில், ஏறவே முடியாத இடத்தில் பறித்த கனி. அதன் பலனைச் சொல்லாமல் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தாயே என்கிறார் ஔவையார். மறைத்தது தின்றவர் இல்லை, கொடுத்தவன். ஏன் மறைத்தான்? பாட்டில் காரணம் இல்லை. சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார் என்பது என் ஊகம். பெரிய கொடைதான், ஆனால் கேட்காமலேயே ஒருத்தர் தலையில் ஏற்றிய சுமையும்கூட.

நீலமிடற்றுச் சிவன் போல நீ நிலைத்திரு என்று அதே பாட்டில் வாழ்த்துகிறார். பலிக்கவில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். கரூர்ப் பக்கம் புகளூர்க் கல்வெட்டில் வருகிற அதே இரும்பொறை மரபு. நம்ம கொங்குப் படைதான்னு சொல்லிக்கலாம், பெருமைப்பட ஒண்ணுமில்லை.

அதியமானுக்கு நடுகல் நட்டாங்க. நீண்ட ஆயுளுக்குக் கனி தின்றவர் புறநானூறு 232ல் என்ன கேட்கிறார்? காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்கிறார். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று நடுகல் முன்னால் கேட்கிறார். ஆறே வரிப் பாட்டு.

ஆனா ஜனங்க அவரை விடல. சங்ககால ஔவையாரும் பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி எழுதிய ஔவையாரும் வேறு வேறு ஆட்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. நம்ம ஆயாக்கள் கணக்கில் ஒரே பாட்டிதான், நெல்லிக்கனி தின்னவங்களாச்சே! 1953ல் ஜெமினி படத்தில் அந்தப் பாட்டி மறுபடியும் கோலூன்றி வந்தாங்க, நம்ம கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் உருவத்தில்.