கரிசல் மண்ணுக்கு வரும் விருந்தினருக்கு



கோவில்பட்டி, கயத்தாறு பகுதிக்கு இன்று வட மாநிலங்களிலிருந்து பலர் வேலைக்கு வருகிறார்கள். வெளிநாட்டு விருந்தினர்களும் வருவதுண்டு. புத்தகத்தில் தமிழ் படித்தவர்கூட நம் பேச்சைக் கேட்டுத் திகைப்பார். அவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டிய சில:

போயிட்டு வாரேன்: விடைபெறும்போது ‘போறேன்’ என்பதில்லை. ‘போய்விட்டார்’ என்றால் இறந்துவிட்டார் என்றும் பொருள்படும். எனவே திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்கிறோம். கிளம்புகிறவரை ‘எங்கே?’ என்று கேட்பதும் சகுனக் குறைவு, ‘தூரமா?’ என்பார்கள்.

சாப்பிட்டாச்சா?: இது பெரும்பாலும் விருந்துக்கு அழைப்பு அல்ல, நலம் விசாரிப்பு. ‘ஆச்சு, நீங்க?’ என்றால் போதும்.

அண்ணாச்சி, ஏலே: முன்பின் தெரியாத பெரியவரையும் கடைக்காரரையும் ‘அண்ணாச்சி’ என்று உறவாக்கிக்கொள்கிறோம். ‘ஏலே’ நண்பர்களிடையே பாசம்; அந்நியரிடம் சொன்னால் அவமதிப்பு.

தோத்திரம் சாமி: குருவானவருக்குச் சொல்லும் வணக்கம். ‘ஸ்தோத்திரம்’ என்ற வடசொல்லின் திரிபு. புகழ்ச்சி என்று பொருள்.

இத்தகைய வட்டாரச் சொற்களை அகராதியாகவே தொகுத்தவர், கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் இடையிலுள்ள இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (1923-2021).

விண்ணேற்பு விழா: ஆகஸ்ட் 15 அன்று காமநாயக்கன்பட்டி பரலோக மாதா தேருக்குப் பின்னால் மக்கள் தரையில் விழுந்து கும்பிட்டபடி செல்வார்கள். விபத்தோ என்று புதியவர் பதற வேண்டாம், அது நேர்ச்சை. பிற சமயத்தாரும் இவ்விழாவுக்கு வருகிறார்கள்.

கல்லறைத் திருநாள்: நவம்பர் 2 அன்று நாம் கல்லறைகளில் பூவும் மெழுகுதிரியும் வைத்துச் செபிக்கிறோம். மெக்சிகோ நாட்டில் இதே நாளில், இறந்தவருக்குப் பிடித்த உணவையும் படைத்து, செண்டுமல்லிப் பூவால் அலங்கரிக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ இவ்வழக்கத்தை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. செண்டுமல்லி அந்நாட்டுப் பூ. நம் கரிசலில் விளையும் மிளகாயும் மக்காச்சோளமும்கூட அங்கிருந்து வந்தவையே. அந்நியமாக வந்தவை நம் வீட்டுப் பொருளாகிவிட்டன.

மனிதர்களும் அப்படித்தான். இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி அடிகளார் 1710-இல் இந்தியா வந்தார். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். செந்தமிழோடு நிற்காமல், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதினார். யாரோ ஒருவர் திண்ணையிலோ வயலிலோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திராவிட்டால், அந்த அந்நியர் வீரமாமுனிவர் ஆகியிருக்க முடியுமா?

இன்று நம் தெருவில் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுகிறவரை ‘வடக்கன்’ என்று சொல்லிச் சிரிக்கிறோம். அவருக்கும் பெயர் உண்டு. ஊரில் தாய் உண்டு. அந்நியரை நம்மவராக நடத்தும்படி லேவியர் நூல் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. முதலில் அவர் பெயரைக் கேட்போம். பிறகு, ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்போம். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதையும் சொல்லிக்கொடுப்போம்.