டிரேஸ்டுகெதர்

கொவிட்-19 தொற்றுக் காலத்தில் சிங்கப்பூர் அரசு 2020 மார்ச் 20 அன்று வெளியிட்ட தொடர்புத் தடமறிதல் செயலி டிரேஸ்டுகெதர். அரசின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக் இதை உருவாக்கியது. அருகருகே வரும் கைப்பேசிகள் புளூடூத் வழியே தற்காலிக அடையாள எண்களைப் பரிமாறித் தமக்குள்ளேயே சேமித்துவைக்கும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அந்தப் பதிவு சுகாதார அமைச்சுக்குப் போகும்.

2020 ஏப்ரலில் கவ்டெக் இதன் மூலநிரலை ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் கோவிட்சேஃப் செயலி இதை அடிப்படையாகக் கொண்டது. அந்த மூன்றாம் பதிப்பு 2007 ஜூன் 29 அன்று வந்தது. அதற்கு முன், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் டிவோ என்ற கருவி கட்டற்ற மென்பொருளான லினக்ஸில் இயங்கியது. அதன் நிறுவனம் மூலநிரலையும் கொடுத்தது. ஆனால் யாராவது அதைத் திருத்தி ஏற்றினால் கருவி இயங்க மறுத்தது. இதைத் தடுக்கவே, வீட்டுக் கருவிகளில் இந்த உரிமம் கொண்ட மென்பொருளை வைத்து விற்பவர் திருத்திய பிரதியை நிறுவத் தேவையான தகவலையும் தர வேண்டும் என்று மூன்றாம் பதிப்பு விதித்தது.

சிங்கப்பூரில் இந்த விதி கைகொடுக்கவில்லை. உரிமம் நிரலைப் பெற்றுக்கொள்பவரைத்தான் கட்டுப்படுத்தும். பதிப்புரிமை வைத்திருக்கும் கவ்டெக்கை அல்ல. ஐஃபோனுக்கோ தனிப் பூட்டு இருந்தது. செயலி திரையில் திறந்திருக்காவிட்டால் புளூடூத் பரிமாற்றத்தை ஆப்பிளின் இயங்குதளம் பெரிதும் கட்டுப்படுத்தியது. கைப்பேசியை வாங்கியவராலும் அதை மாற்ற முடியவில்லை, ஓர் அரசாலும் முடியவில்லை. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அளித்த மாற்று வழியைச் சிங்கப்பூர் ஏற்கவில்லை. யார் யாரைச் சந்தித்தார் என்ற விவரம் அதில் சுகாதார அதிகாரிகளுக்குக் கிடைக்காது.

ஆகவே தனிக் கருவி வந்தது. கழுத்தில் தொங்கவிடக்கூடிய அந்தச் சிறு டோக்கன் 2020 ஜூனில் முதியோருக்கும், செப்டம்பர் முதல் சமூக மன்றங்கள் வழியே மற்றவர்களுக்கும் கிடைத்தது. ஜூன் 19 அன்று வெளி வல்லுநர்கள் சிலரை அழைத்து, அதைப் பிரித்துப் பார்க்க கவ்டெக் இடமளித்தது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியின் பூட்டை ஆராய்ந்து 2003இல் நூல் எழுதிய பன்னி ஹுவாங், கட்டற்ற மென்பொருளை நெடுங்காலமாக ஆதரிக்கும் ஹரிஷ் பிள்ளை ஆகியோர் அவர்களில் இருந்தனர். இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ்ஸோ இணைய இணைப்போ அதில் இல்லை. வேண்டாதபோது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்பதால், கைப்பேசியைவிட டோக்கன்தான் உடையவருக்குக் கூடுதல் பிடியைத் தந்தது எனலாம்.

அந்தப் பிடியும் நிலைக்கவில்லை. தங்குவிடுதிகளில் வாழ்ந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு (அவர்களில் ஏராளமானோர் தமிழர்கள்) 2020 ஜூனிலேயே செயலி கட்டாயமானது. 2021 மே 17 முதல் கடைத்தொகுதிகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் செல்வோர் அனைவருக்கும் செயலியோ டோக்கனோ கட்டாயமானது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனை வணங்கப் போனவர்கள்கூட வாசலில் செயலியையோ டோக்கனையோ காட்டித்தான் நுழைந்தார்கள்.

2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஓர் உண்மை வெளிவந்தது: குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறை இந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம். ஓப்பன்டிரேஸை வரிவரியாகப் படித்தவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. மென்பொருள் எப்படி இயங்கும் என்பதைத்தான் மூலநிரல் காட்டும், தரவை யார் கேட்டுப் பெறலாம் என்பதை அல்ல. மக்களின் கோபத்துக்குப் பின், பிப்ரவரியில் வந்த சட்டத்திருத்தம் அந்த அதிகாரத்தை ஏழு வகைக் கடுங்குற்றங்களோடு நிறுத்தியது.

2023 பிப்ரவரியில் திட்டம் முடிந்து டோக்கன்கள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு கொலை வழக்குக்காக எடுக்கப்பட்ட பதிவைத் தவிர மற்றத் தரவுகள் அழிக்கப்பட்டன.