பூ யாருக்கு உரியது? – பெங்களூரின் இளவேனில் வரலாறு

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழிலக்கணம், சித்திரை வைகாசித் திங்கள்களை இளவேனில் என வகுத்தது. அப்பொழுதினைக் காட்டிற்கு மட்டும் உரியதாக நம் புலவர்கள் கருதவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து இந்திர விழாவோடு தொடங்கும் மணிமேகலை, அந்நகரின் இலவந்திகை, உய்யானம், உவவனம் முதலிய சோலைகளைப் பெயர்சுட்டிக் கூறுகின்றது. பூக்கொய்யப் புறப்பட்ட மணிமேகலை எல்லாச் சோலைக்கும் சென்றுவிட இயலவில்லை. இலவந்திகையின் மதிற்புறத்தே மன்னனைச் சார்ந்தோர் இருப்பர் என்று சுதமதி விலக்குகின்றாள். நகரத்துப் பூ யாருக்கு உரியது என்னும் வினா அத்துணைப் பழமையானது. அவ்வினாவிற்கு அண்மைக் காலத்தில் விடை தேடிய நகரங்களுள் பெங்களூர் குறிப்பிடத்தக்கது.

1760இல் ஐதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் விரிவாக்கிய லால்பாக், அரசர்தம் தோட்டமாகவே பிறந்தது. திப்பு வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800இல் அங்குச் சென்ற பிரான்சிஸ் புக்கானன், சைப்ரஸ் மரங்கள் அணிசெய்த நடைபாதைகளையும், ஒரு பாத்தி முழுதும் ரோசா, மற்றொன்று முழுதும் மாதுளை எனச் செடிக்கொரு நிலம் ஒதுக்கப்பட்டிருந்ததையும் பதிவு செய்துள்ளார். 1856இல் அது அரசின் தாவரவியல் பூங்காவாயிற்று. 1870இல், மக்கள் நெருங்கி வாழ்ந்த பேட்டைக்கும் ஆங்கிலேயரின் தண்டுப் பகுதிக்கும் இடையே கப்பன் பூங்கா அமைந்தது. இவ்வாறு மன்னர் தோட்டம் மக்கள் உலாவும் இடமாக மாறிற்று.

ஆயினும் பூங்காவிற்குள் நின்ற பூவைத் தெருவிற்குக் கொணர்ந்த பெருமை, ஜெர்மனியில் பிறந்த கிரும்பீகலுக்கு உரியது. லண்டன் கியூ தோட்டத்திலும் பரோடாவிலும் பணியாற்றிய அவர், நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1908இல் மைசூர் அரசின் பணியேற்றார். ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கத் தொடங்குமாறு தேர்ந்து நடுதல் அவர்தம் நெறி. இலையுதிர்க்கும் மரங்கள் பலவும் மழையற்ற நாள்களிலேயே பூக்கின்றன. தழை மறைக்காத கிளையில் பூ வண்டினத்திற்கு எளிதில் புலப்படும். இவ்வியல்பினை அவர் நகரத்தின் நாள்காட்டியாகவே ஆக்கினார் எனலாம். தைத் திங்களையொட்டித் தபேபூயாவின் இளஞ்சிவப்பு. பங்குனியில் ஜகரண்டாவின் ஊதா. சித்திரையில் குல்மொகரின் செம்மை. தென்னமெரிக்காவும் மடகாஸ்கரும் தந்த மரங்கள், நம் புங்கிற்கும் கொன்றைக்கும் அயலில் வேரூன்றின. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் என்பதற்காகத் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட அவர், 1956இல் அந்நகரிலேயே மறைந்தார்.

திட்டமிட்டவர் பெயர் வரலாற்றில் நின்றது. மண்ணைக் கிளறி நீர் பாய்ச்சியவர் பெயர் அத்துணை எளிதில் நிற்பதில்லை. பெங்களூரின் தோட்டத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டோர் திகளர் ஆவர். திகளர் என்பது கன்னடத்தில் தமிழரைக் குறிக்கும் சொல்லாதலின், அச்சமூகத்தின் தொடர்பு பெயரிலேயே விளங்குகின்றது. அவர்கள் எடுக்கும் கரக விழா, சித்திரைப் பௌர்ணமியை நடுவாகக் கொண்டது. தருமராயர் கோயிலினின்று, திரௌபதியின் உருவாகப் பெண்கோலம் பூண்ட பூசாரி, மல்லிகையால் கோபுரமென அணிசெய்த கரகத்தைத் தலையில் ஏந்திப் புறப்படுவார்; வீரகுமாரர் வாளேந்திச் சூழ்வர். இரவெல்லாம் பேட்டைத் தெருக்களில் உலாவரும் கரகம், தவக்கல் மஸ்தான் தர்காவிற்கும் செல்லும். மல்லிகை மிகுதியாகப் பூக்கும் பருவத்தில், தோட்டக்காரர் தம் பூவை நகர் முழுவதற்கும் காட்டும் விழா இது. பூங்காவில் மக்கள் பூவை நாடிச் செல்கின்றனர். கரகத்திலோ பூ மக்களை நாடி வருகின்றது.

இவ்விழாவின் சடங்குகளோடு பிணைந்தது சம்பங்கி ஏரி. பூவின் பெயர் பூண்ட அவ்வேரி வற்றவைக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கின்றது. கரகச் சடங்கிற்கென ஒரு சிறு குளம் மட்டுமே எஞ்சியது. நீர் போன பின்னும் விழா நின்றதை எண்ணி மகிழலாம். எனினும், அந்நீரால் விளைந்த தோட்டங்களை ஒரு குளத்தால் மீட்க இயலாது.

1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் தலைமையில் ஏறத்தாழ 15 லட்சம் மரங்கள் அந்நகரில் நடப்பட்டன. பின்னர்ச் சாலைகள் விரிந்தன, மரங்கள் வீழ்ந்தன. 2016இல் எஃகு மேம்பாலம் ஒன்றிற்காக 812 மரங்களை வெட்டத் திட்டம் எழுந்தபோது, மக்கள் கைகோத்துத் தெருவில் நின்றனர். 2017 மார்ச்சில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று நின்றவர் எவரும் அம்மரங்களை நட்டவர் அல்லர். நிழலிலும் பூவிலும் பங்கு கொண்டவர்.

மணிமேகலை கண்ட நகரில் சில சோலைகள் மன்னர்க்கு உரியனவாய் இருந்தன. பெங்களூரிலோ, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டில், பூ அரசனிடமிருந்து அரசிற்கும், அரசிடமிருந்து தெருவிற்கும் வந்து சேர்ந்தது. பொதுவுடைமையானது எவருடையதும் அன்று என வெட்டப்படுவதும், எல்லார்க்கும் உரியதெனக் காக்கப்படுவதும் மக்கள் கையிலேயே உள்ளன. இளவேனிலைப் பாடுவோர்க்கு அம்மரத்தைக் காக்கும் கடனும் உண்டு. பாடுதற்குரிய பூ இருந்தால்தானே பாட்டும் இருக்கும்!